பல்லில்லாத வாயில் தசையை அளக்கப் போனபோது யாரும் சொல்லாதவை

ப்ராஸ்தோடான்டிக்ஸ் என்னும் செயற்கைப் பல் துறையில், பல் மருத்துவ முதுகலைப் படிப்பான எம்.டி.எஸ். படித்தபோது, பல் உள்ளவர்கள், பல் முழுவதும் இழந்தவர்கள் ஆகிய இரு சாராரின் மெல்லும் தசையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அளந்து ஒப்பிடுவதை என் ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். தரவு சேகரிப்புக்குப் 14 மாதங்கள் ஆயின. அவற்றில் எட்டரை மாதங்கள் வீணாயின. கைக்காசு 71,000 ரூபாய் செலவானது. பல்லில்லாத 17 முதியவர்களிடம் எடுத்த அளவுகள் அனைத்தையும் தூக்கி எறிய நேர்ந்தது. எங்கள் கல்லூரியில் இந்தத் தலைப்பை எனக்கு முன் யாரும் எடுத்ததில்லை என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அடுத்து இதே தலைப்பையோ இதை ஒட்டிய ஒன்றையோ எடுக்கப்போகிறவர்களுக்கு, எனக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது அது மிக எளிதாகத் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கன்ன எலும்பு வளைவிலிருந்து கீழ்த்தாடையின் கோணம் வரை இறங்கும் மாசெட்டர் தசை தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. பல்லைக் கடித்தால் விரலுக்கே தட்டுப்படுகிறது. நெற்றிப்பொட்டின் டெம்பொராலிஸ் தசையையும் ஸ்கேனில் பார்க்கலாம். மற்ற இரண்டு மெல்லும் தசைகளான டெரிகாய்டு தசைகள் தாடை எலும்புக்கு உட்புறமாக மறைந்திருப்பதால் கன்னத்தின் மேல் வைக்கும் ப்ரோப் என்னும் ஸ்கேன் கைக்கருவிக்கு அவை எட்டுவதில்லை. பல் போனபின் கடிக்கும் விசை வெகுவாகக் குறைகிறது. முழுப் பல்செட்டு அணிந்தவரின் கடிவிசை, இயற்கைப் பல் உள்ளவருடையதில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் என்று எங்கள் பாடநூல்களே சொல்கின்றன. பயன்படாத தசை மெலியும் என்பதால், பல்லில்லாதோரின் மாசெட்டர் மெலிந்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் இதைக் காட்டிய ஆய்வுகள் முன்பே உண்டு. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, ஒருவரையே மீண்டும் மீண்டும் அளக்கலாம். 1991-இல் ஸ்வீடனில் கிலியாரிடிஸ், கேலபோ இருவரும் இம்முறையில் மாசெட்டரின் தடிமனை அளந்து முக அமைப்போடு ஒப்பிட்டிருந்தார்கள். இரண்டு குழு, ஒரு தசை, ஓர் எண், கடைசியில் இரு சராசரிகளை ஒப்பிடும் ஒரு டி-டெஸ்ட் என்று கணக்கிட்டு, இரண்டே நாளில் சினாப்சிஸ் என்னும் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை எழுதி முடித்துவிட்டேன்.

முதல் அடி எந்திரத்தை ஒட்டி விழுந்தது. எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் அல்ட்ராசவுண்ட் கிடையாது. உறவினர் ஒருவரின் மருத்துவமனையில் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய எந்திரம் ஒன்று இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அதை எங்கள் துறைக்குக் கொண்டுவந்து நானே அளந்துகொள்ளலாம் என்று திட்டமிட்டு, அப்படியே சினாப்சிஸிலும் எழுதியிருந்தேன். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் என் ஆய்வையும் கட்டுப்படுத்தும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. நான் பார்ப்பது கன்னம். பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஆனால் அந்தச் சட்டம் எந்த உறுப்பைப் பார்க்கிறோம் என்பதை வைத்து விலக்கு அளிப்பதில்லை. எந்திரம் பதிவு செய்யப்பட்ட இடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, அதை இயக்குபவர் சட்டம் கூறும் தகுதி உடைய மருத்துவராக இருக்க வேண்டும், பல் மருத்துவ இளநிலைப் பட்டமான பி.டி.எஸ். அந்தத் தகுதிக்குள் வராது. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் இருந்த ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே துறை) பேராசிரியர் இதைச் சுட்டிக்காட்டியபோது, தெரியாமலேயே ஒரு மருத்துவமனையின் உரிமத்துக்கு ஆபத்து விளைவிக்க இருந்தேன் என்பது உறைத்து, உட்கார்ந்த இடத்திலேயே கை நடுங்கியது. புதிய இடம் தேடி, ரேடியாலஜிஸ்ட் ஒருவரின் சம்மதம் வாங்கி, சினாப்சிஸைத் திருத்தி மீண்டும் அனுமதி பெறுவதற்குள் நான்கு மாதங்கள் போய்விட்டன. ஆகவே தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே, பதிவு பெற்ற ஸ்கேன் மையம் ஒன்றையோ மருத்துவக் கல்லூரியின் ரேடியாலஜி துறையையோ நேரில் அணுகி எழுத்துமூலமான சம்மதம் வாங்கிவிடுங்கள். ஸ்கேன் எடுக்கும் ரேடியாலஜிஸ்ட்டை இணை ஆய்வாளராகவே சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அதில் மதிப்பு உண்டு. உங்கள் நோயாளிகள் அவருக்கு இடையூறாகத் தோன்றுவதும் குறையும்.

எனக்கு உதவ ஒப்புக்கொண்ட ரேடியாலஜிஸ்ட் பொறுமையானவர். ஆனால் அவருடைய நாள் வயிறு, கழுத்து, கர்ப்பம் என்று கழிவது. மெல்லும் தசையைத் தனியாக அளந்த பழக்கம் அவருக்கு இல்லை. அளவு எடுப்பது எனக்கும் புதிது. திரையில் மாசெட்டர் கறுத்த பட்டையாகவும், அதனுள் வெள்ளை இழைகள் ஓடுவதாகவும், அடியில் தாடை எலும்பு பளிச்சென்ற வெண்கோடாகவும் தெரியும். மேல் உறையிலிருந்து அந்த வெண்கோடு வரை உள்ள தூரம்தான் தடிமன். கேட்பதற்கு எளிது. ஆனால் தளர்ந்த நிலையில் இந்தத் தசை பொதுவாக ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நாம் தேடும் வேறுபாடோ ஓரிரு மில்லிமீட்டர். ப்ரோபைச் சற்று அழுத்திப் பிடித்தாலே அந்த வேறுபாடு முழுவதும் காணாமல் போய்விடும். பல்லில்லாதவரின் கன்னம் உள்ளே குழிந்திருப்பதால், தட்டையான ப்ரோப் முழுதாகப் படிய வேண்டுமென்று கை தானாகவே அழுத்துகிறது. அதாவது, எந்தக் குழுவின் தசை மெலிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அந்தக் குழுவையே நாம் அதிகம் அழுத்துகிறோம்! இதற்கு நாங்கள் கண்ட வழி, ஜெல்லைத் தாராளமாக வைத்து, திரையில் ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவே கறுப்பாக ஒரு ஜெல் படலம் தெரிந்தால் மட்டுமே படத்தைச் சேமிப்பது என்பதாகும். அந்தப் படலம் இல்லாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டோம். தாடி உள்ளவர்களிடம் முடிக்கு இடையில் காற்று சிக்கிப் படம் மங்குவதால், முந்தைய நாளே சவரம் செய்துகொண்டு வரச் சொல்வது நல்லது. எல்லோரையும் ஒரே நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்காரவைத்தோம். படுக்கவைத்தால் தாடை பின்னால் சரிகிறது. கன்ன எலும்பு வளைவுக்கும் தாடைக் கோணத்துக்கும் நடுவே தோலில் பேனாவால் குறியிட்டு, அந்த இடத்தை ஒளி ஊடுருவும் தாளில் படியெடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாக வைத்துக்கொண்டோம். பல்லில்லாதவர்களுக்குப் பல்செட்டு கொடுத்து மூன்று மாதம் கழித்து மறு அளவு எடுப்பதும் ஆய்வின் ஒரு பகுதி; அப்போது அதே இடத்தை மீண்டும் கண்டுபிடிக்க அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

இவ்வளவு கவனமாக இருந்தும் மிகப் பெரிய பிழை வேறோர் இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதங்கள் ஆயின. பல்லில்லாதவர்களை வெறும் வாயோடு உட்காரவைத்து, தளர்ந்த நிலையில் ஓர் அளவும், ‘நன்றாகக் கடியுங்கள்’ என்று சொல்லி ஓர் அளவும் எடுத்துக்கொண்டிருந்தோம். பதினேழு பேர் முடிந்தபின் எண்களைப் பார்த்தால், பலருடைய தசை தளர்ந்த நிலையிலேயே தடித்துக் காணப்பட்டது. சிலருக்குப் பல் உள்ளவர்களைவிட அதிகமாகவே இருந்தது. எடுத்துக்கொண்ட கருதுகோளே தவறோ என்று குழம்பினேன். ஒரு மாலை ரேடியாலஜிஸ்ட் இயல்பாகக் கேட்டார்: “டாக்டர், இவருக்குத்தான் பல்லே இல்லையே, எதைக் கடிக்கச் சொல்கிறீர்கள்? இவருடைய தாடை எங்கே நிற்கும்?” செயற்கைப் பல் துறையில் முதல் ஆண்டிலேயே படிப்பது இது. பல் இருந்தால் இரண்டு தாடைகளும் சந்திக்கும் உயரத்தைப் பல் தீர்மானிக்கிறது. பல் போனபின் அந்தத் தடை இல்லை; கீழ்த்தாடை மேலேறி, மூக்கும் முகவாயும் நெருங்கிவிடுகின்றன. தாடை அவ்வளவு தூரம் மேலேறும்போது மாசெட்டர் குறுகிப் பருக்கிறது. முழங்கையை மடக்கினால் மேற்கைத் தசை திரளுவதைப் போல. நான் மூன்று மாதமாக அளந்தது, ஒவ்வொருவருடைய தாடையும் அந்த நிமிடத்தில் எங்கே நின்றதோ அந்த நிலையின் தடிமனை. பல் உள்ளவர்களோடு அதை ஒப்பிடவே முடியாது.

அன்றிரவு விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். காசு போனதைவிட, அந்தப் பதினேழு பேரின் நினைவுதான் வருத்தியது. சேலத்துக்கு அப்பாலிருந்தெல்லாம் இரண்டு பேருந்து மாறி எனக்காக வந்தவர்கள் அவர்கள். மீண்டும் அளக்கவும் வழியில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் புதிய பல்செட்டு அணியத் தொடங்கியிருந்தார்கள். படங்களையாவது திரும்ப ஆராயலாமென்றால், அப்போது வெப்பத்தாள் அச்சுகளை மட்டும் வாங்கி வைத்திருந்தேன். அவை அலமாரிச் சூட்டில் மங்கத் தொடங்கியிருந்தன. படங்களை மூலக் கோப்பாகவே சேமித்து வாங்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தசையின் வெண்மை கூடியிருக்கிறதா என்று ஒப்பிடவும் எண்ணம் இருந்தால், எந்திரத்தின் கெயின், ஆழம், அதிர்வெண் ஆகியவற்றை முதல் நாள் குறித்துக்கொண்டு கடைசி நாள் வரை மாற்றாதீர்கள். கெயினைச் சற்று ஏற்றினாலே எந்தத் தசையும் வெளுத்துத் தெரியும். மறுநாள் காலை என் ஆய்வு வழிகாட்டியான கைடிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். திட்டு விழும் என்று பயந்திருந்தேன். அவரோ, மெழுகு ரிம் பொருத்தும் நாளிலேயே ஸ்கேன் எடுத்தால் என்ன என்று கேட்டார்.

அதுவே சரியான வழியாக அமைந்தது. பல்செட்டு செய்யும்போது, பல் அடுக்குவதற்கு முன், தாடைகளின் சரியான உயரத்தைக் கண்டறிய அக்ரிலிக் அடித்தட்டின் மேல், பல் வரிசை வரவேண்டிய இடத்தில் மெழுகு ரிம் என்னும் மெழுகு மேட்டை வைத்துப் பார்ப்போம். ஓய்வு நிலைக்கும் கடிக்கும் நிலைக்கும் இடையே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்குமாறு உயரத்தை அமைத்து, அந்த ரிம்களை வாயில் வைத்தபடியே நோயாளியை ஸ்கேன் அறைக்கு அழைத்துச் சென்றோம். இனி இருவகையினரையும் ஒத்த நிலையில் அளக்க முடிந்தது. இங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெழுகு வாய்ச்சூட்டில் இளகும். பலமாகக் கடித்தால் அமுங்கி உயரம் குறைந்துவிடும். எனவே தளர்ந்த நிலை அளவை முதலில் எடுத்துவிட்டு, கடிக்கும் அளவைக் கடைசியில் எடுங்கள். அந்தக் கடிக்கும் அளவையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். ஈறு வலிக்கும் என்று பயந்து முதியவர்கள் பாதி பலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது அவருடைய வலி தாங்கும் எல்லை. பல்செட்டு கொடுத்தபின் எடுக்கும் அளவுக்கும் இது பொருந்தும்: புண் ஆறி, செட்டோடு சோறும் பொரியலும் உண்ணப் பழகியவரை மட்டும் கடிக்கச் சொல்லுங்கள். என் ஆய்வேட்டில் முதன்மை அளவாகத் தளர்ந்த நிலைத் தடிமனையே வைத்தேன்.

அடுத்த தவறு பல் உள்ளவர்களின் குழுவில் நிகழ்ந்தது. கையருகே கிடைத்தவர்கள் என்பதால் பயிற்சி மருத்துவர்கள், அலுவலக ஊழியர்கள், உதவியாளர்கள் என்று இருபது பேரை அளந்து முடித்திருந்தேன். அவர்களுள் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் மிகச் சிலர். புள்ளியியலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒப்பிடுவது பல்லையா வயதையா என்று கேட்டார். வயது ஏற ஏற உடல் தசை முழுவதும் மெலிகிறது. மாசெட்டரும் அதற்கு விலக்கல்ல. இளைஞரையும் முதியவரையும் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு கிடைக்கும், மகிழ்ச்சியாகவும் இருக்கும்; ஆனால் அதில் பல் இழப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்லவே முடியாது. ஆணின் தசை பெண்ணின் தசையைவிடத் தடித்தது என்பதால் பாலினமும் ஒத்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டி எல்லாப் பல்லும் உள்ளவர்களை நம் ஊரில் தேடிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று புரியும். குறைந்தது இருபத்து நான்கு பற்களும், இருபுறமும் சந்திக்கும் கடைவாய்ப் பற்களும் இருந்தால் போதும் என்று விதியைத் தளர்த்தி, நெறிமுறைக் குழுவிடம் திருத்தத்துக்கு அனுமதி வாங்கி, புதிய ஆட்களைத் தேடத் தொடங்குவதற்குள் ஒன்றரை மாதம் ஆயிற்று. ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கும் காலை நடைப்பயிற்சித் திடலுக்கும் போய்ப் பேசினேன். பல் பார்க்க வரும் முதியவர்களோடு துணைக்கு வரும் கணவரோ மனைவியோ அண்ணனோதான் கடைசியில் அதிகம் உதவினார்கள். வயதும் உணவும் வேலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் ஆய்வுக்கும் அது நல்லதாயிற்று.

வெற்றிலை பாக்கைப் பற்றி எந்த வெளிநாட்டுக் கட்டுரையும் என்னை எச்சரிக்கவில்லை. பல் போனபின்னும் சிறு உரலில் இடித்து, நாள் முழுவதும் வாயில் அடக்கி மென்றுகொண்டிருக்கும் பாட்டிமார் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்குத் தினமும் வருவார்கள். பல் இல்லையே தவிர, அவர்களுடைய தாடைக்கு ஓய்வே இல்லை. பாக்கினால் வாய் இறுகும் நோய் வந்தவர்களின் தசையோ வேறு விதமாக மாறியிருக்கும். பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம், உறக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம், பக்கவாதம் ஆகியவற்றை முதல் கேள்வித்தாளிலேயே கேட்டு, அவை உள்ளவர்களைச் சேர்க்காமல் விட்டேன். பல் இழந்து எத்தனை ஆண்டுகள், முன்பு செட்டு அணிந்தவரா, எந்தப் பக்கம் அதிகம் மெல்லுவார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எண்கள் சிதறும்போது விளக்கம் அங்கேதான் கிடைக்கும். வயதை ஒத்துப்போகச் செய்தபின்னும் பல்லில்லாதோரின் தசை மெலிந்தும் ஸ்கேன் படத்தில் சற்று வெளுத்தும் இருந்தது. ஆனால் முதலில் இளைஞர்களோடு ஒப்பிட்டபோது தெரிந்த இடைவெளி பெரிதும் குறைந்திருந்தது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 350 ரூபாய் என்ற சலுகைக் கட்டணத்தில், வீணான பதினேழு முதியவர்கள், வீணான இருபது இளையவர்கள், பிறகு குழுவுக்கு முப்பது பேர் வீதம் அறுபது பேர், மூன்று மாதம் கழித்து மறு அளவுக்கு வந்த இருபத்திரண்டு பேர் என ஸ்கேனுக்கு மட்டும் 41,650 ரூபாய் ஆனது. முதியவர்களின் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் 19,800 ரூபாய். புள்ளியியலாளருக்கு 6,000, ஜெல், அச்சு முதலியவற்றுக்கு 3,550. ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே உதவித்தொகையிலிருந்து எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதை எத்தனை பேர் என்று முடிவு செய்வதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முதல் ஐந்து பேரை முன்னோட்டமாக அளந்து, எண்களைப் புள்ளியியலாளரிடமும் ரேடியாலஜிஸ்ட்டிடமும் ஒருசேரக் காட்டியிருந்தால், இதில் வீணான முப்பத்தேழு பேருக்கான 12,950 ரூபாய் ஸ்கேன் செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வருத்தியது ஓர் அம்மாவின் கேள்வி. ஸ்கேன் முடிந்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்கண்ணு, பல்லுப் போன வாய்க்கு எதுக்கு ஸ்கேனு? உள்ளுக்குள்ள கெட்டது ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்டார். ஸ்கேனுக்கு வரவேண்டும் என்று நான் சொன்ன நாளிலிருந்து ஒரு வாரமாக அவர் சரியாக உறங்கவில்லை. புற்றுநோய் என்றே முடிவு கட்டி, மகளிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். என் ஒப்புதல் படிவத்தில் ‘அல்ட்ராசோனோகிராபி வழி மாசெட்டர் தடிமன் மதிப்பீடு’ என்று எழுதியிருந்தது, கைநாட்டும் இருந்தது. அன்றைக்குப் பிறகு யாரை அழைத்தாலும் முதல் வாக்கியமாக, நோய் எதையும் தேடவில்லை, மெல்லும் தசை எவ்வளவு பருமன் என்று மட்டும் பார்க்கிறோம், ஊசியும் கதிரும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். ஸ்கேன் முடிந்ததும் திரையைத் திருப்பி அவர்களுடைய தசையை அவர்களுக்கே காட்டினேன். கடித்துப் பார்த்து, அது திரண்டு எழுவதைக் கண்டு வியக்காதவர் இல்லை.

மறு அளவுக்கு முப்பது பேரில் எட்டுப் பேர் வரவில்லை. தொலைபேசியில் மகனோ மருமகளோதான் எடுத்தார்கள். பிறகு வருகிறோம் என்றார்கள், வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வராத அந்த எட்டுப் பேரில் ஓர் அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். பல்செட்டு துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. கீழ்ச்செட்டின் இடப்பக்க விளிம்பு குத்திப் புண்ணானதால் இரண்டே வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார். போடவில்லை என்று தெரிந்தால் டாக்டரம்மா கோபித்துக்கொள்வார் என்று வராமல் இருந்திருக்கிறார். செட்டு அணியாதவரின் தசை என்னவாகிறது என்பதுதான் என் ஆய்வு தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அத்தகையவர்களே வராமல் நின்றுவிட, நன்றாகப் பழகியவர்கள் மட்டும் வந்து என் எண்களை அழகாக்கிக்கொண்டிருந்தார்கள். கையோடு கொண்டுபோயிருந்த சிறிய மோட்டாரால் திண்ணையில் உட்கார்ந்தே அந்த விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை அவர் செட்டைப் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினார். குறித்த நாள் கடந்துவிட்டதால் அந்த அளவை ஆய்வேட்டில் சேர்க்க வழியில்லை என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் சொன்னேன். அவர் கட்டணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஜெல்லை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.